அடிப் பெயின்ட் வாங்கக் கடைக்குப் போகும் முன்

செசபீக் விரிகுடாக் கரையில் பழைய ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கிவிட்டு, வசந்தத்தில் அதை நீரில் இறக்கும் முன் அடியில் என்ன பெயின்ட் அடிப்பது என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 1970களிலும் 80களிலும் வார்க்கப்பட்ட கேட்டலினா, பியர்சன், டார்ட்டன் படகுகள் மேரிலாந்தின் யார்டுகளில் வரிசையாக நிற்கின்றன. உடம்பு இன்னும் உறுதியாக இருக்கிறது, விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று நான்கு உரிமையாளர்கள் அவரவர் விருப்பப்படி அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. சந்தையில் எது நல்ல பெயின்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்கெனவே அடியில் இருப்பதன்மேல் எது நிற்கும் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் தெரிந்தபின் கடையில் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று டப்பாதான் மிஞ்சும்.

1. படகு கைமாறும்போது பாய், கயிறு, நங்கூரம் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்குகிறோம். அடியில் கடைசியாக எந்தப் பெயின்ட், எந்த ஆண்டு, எத்தனை கோட் என்று கேட்பவர்கள் குறைவு. கேளுங்கள். விற்றவருக்கு நினைவில்லையென்றால், படகு குளிர்காலத்தில் நின்ற யார்டின் அலுவலகத்தில் பழைய பில் இருக்கலாம். படகுக்குள் இருக்கும் பெட்டிகளையும் இண்டு இடுக்குகளையும் திறந்து பாருங்கள். மீந்துபோன பெயின்ட் டப்பா எங்காவது காய்ந்து கிடக்கும். மூடியில் உள்ள பெயர் போதும், பாதி வேலை முடிந்தது.

பெயர் தெரிந்தால் அடுத்தது எளிது. இன்டர்லக்ஸ், பெட்டிட் போன்ற நிறுவனங்கள் பொருத்த அட்டவணை வெளியிடுகின்றன. பழைய பெயின்டின் பெயர் ஒரு பக்கம், புதியதன் பெயர் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தேய்த்தால் போதுமா, இடையில் பிரைமர் வேண்டுமா, முழுக்கச் சுரண்டவேண்டுமா என்று எழுதியிருக்கும். ஒரே கம்பெனிப் பெயின்ட்தானே என்று அந்த அட்டவணையைப் பார்க்காமல் விடாதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு பெயின்ட்கள் ஒன்றோடொன்று சேராமல் போவது உண்டு. பொருத்தத்தை ரகம்தான் முடிவு செய்யும், பெயர்ப்பலகை அல்ல.

2. ரகங்கள் என்னென்ன என்று மனதில் பதியவையுங்கள். இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்ற அறிவுரைகள் பாதி தேவையில்லை.

முதலாவது, கரையும் ரகம். கடைக்காரர் அப்ளேட்டிவ் என்பார். படகு ஓட ஓட, நீர் உரச உரச, சோப்புக்கட்டிபோல மேல் அடுக்கு மெல்லத் தேய்ந்து, அடியிலிருக்கும் புதிய தாமிரம் வெளியே வந்துகொண்டிருக்கும். இதிலேயே கோபாலிமர் வகை உயர்ந்தது. அது சீராகத் தேயும். படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் நிறுத்தினாலும் அதன் சக்தி போகாது. மலிவான பழைய வகைகள் வெறும் பிசினில் கட்டியவை. தொட்டாலே கையில் வரும், ஒரு பருவத்துக்குமேல் தாங்காது.

இரண்டாவது, கெட்டி ரகம். இதன் பிசின் தேயாது. உள்ளே நெருக்கமாக அடைத்திருக்கும் தாமிரத் துகள்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து வெளியேறும். தாமிரம் போனபின்னும் வெற்றுப் பிசின் கூடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் அடுத்த ஆண்டு இன்னொரு கோட், அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. பழைய படகுகளின் அடி தடித்துக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மூன்றாவது, வைனில் ரகம். பந்தயம் விடுகிறவர்கள் வழவழப்புக்காக விரும்பியது. இதில் கலந்திருக்கும் கரைப்பான் மிகக் கடுமையானது. வேறு பெயின்டின்மேல் அடித்தால் அதை ஊறவைத்துச் சுருட்டி எழுப்பிவிடும்.

நான்காவது, டெஃப்லான் கலந்த மெல்லிய பூச்சு. விசி17 என்ற பெயரில் வருவது இந்த வகை. அமெரிக்காவின் பேரேரிகளில், நன்னீரில், இதற்குப் பெரிய செல்வாக்கு. செம்பு நிறத்தில் நீர்போல இருக்கும், சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதன்மேல் வேறு எந்தப் பெயின்டும் பிடிக்காது. மிச்சிகன் ஏரிக்கரையில் வாங்கி லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவரப்படும் படகுகளில் இதை நிறையப் பார்க்கலாம். பூச்சு மெல்லியது என்பதால் அடி சுத்தமாக இருக்கிறது என்று நினைத்து நேரே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். ஜூலையில் அது தகடு தகடாக உரிந்து விழும். கரைப்பானால் துடைத்தோ உப்புத்தாளால் தேய்த்தோ விசி17ஐ முழுக்க எடுத்தாகவேண்டும். மெல்லியது என்பதால் அந்த வேலை அவ்வளவு கடினமில்லை.

எந்த ரகமானாலும் பாசியையும் கொட்டலசையும் தடுப்பது பெரும்பாலும் தாமிரம்தான், அதுவும் கரையும் தாமிரம். ஹம்ஃப்ரி டேவி 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக இதைத் தன்னை அறியாமலே நிரூபித்தார். கப்பல்களின் செப்புத் தகடு உப்புநீரில் அரிக்கப்படுவதை நிறுத்த, அதோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தினார். அரிப்பு நின்றது. ஆனால் கரையாத செம்பின்மேல் கொட்டலசும் பாசியும் மண்டின. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது. ஆகவே உங்கள் படகின் பெயின்ட் ஆண்டுதோறும் குறைகிறதே என்று வருந்தவேண்டாம். குறைவதுதான் அதன் வேலை.

3. பெயர் தெரியாத பெயின்டா? அடியையே சோதித்துப் பாருங்கள். மேல் அழுக்கையும் வெளிறிய தூளையும் முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். பிறகு ஈரத்துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் தாராளமாக வந்தால் கரையும் ரகம், அல்லது அதிலேயே மலிவான பழைய வகை. துணி சுத்தமாக இருந்து, 220 நம்பர் ஈர உப்புத்தாளால் தேய்க்கும்போது மட்டும் நிறம் வந்தால் கெட்டி ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து ஒட்டும் வலிமை. கூரான கத்தியால் பெருக்கல் குறிபோல, ஃபைபரின் மேல்தோலான ஜெல்கோட் வரை கீறுங்கள். அகலமான டேப்பை அதன்மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் துண்டுகள் டேப்போடு வந்தால் அந்தப் பழைய அடுக்கின்மேல் எதை அடித்தாலும் வீண். இதை ஓரிடத்தில் செய்து திருப்தி அடையாதீர்கள். நீர்க்கோட்டை ஒட்டி, வயிற்றுப்பகுதியில், ஏராவில் (கீல்), சுக்கானில் என்று பல இடங்களில் செய்யுங்கள். பழைய படகில் சுக்கானுக்கு ஒரு பெயின்ட், ஏராவுக்கு ஒரு பெயின்ட் என்று இருப்பது சாதாரணம்.

மூன்றாவது, கரைப்பான் சோதனை. நீங்கள் வாங்க நினைக்கும் பெயின்டுக்கு அந்தக் கம்பெனி சொல்லும் தின்னரில் துணியை நனைத்து, பழைய பெயின்டின்மேல் சில நிமிடம் ஒட்டிவையுங்கள். பழையது சுருங்கினால், வீங்கினால், எழும்பினால், அந்தப் புதுப் பெயின்ட் உங்கள் படகுக்கு ஆகாது. இதிலும் தேறினால் சின்ன டப்பா ஒன்று வாங்கி ஓரடிச் சதுரத்தில் மட்டும் அடித்து, சில நாள் விட்டு மறுபடி டேப் சோதனை செய்யுங்கள். அந்தச் சில நாளைக்கூடப் பொறுக்காதவர்கள்தான் ஆகஸ்டில் படகைத் தூக்கப் பணம் கட்டுகிறார்கள்.

4. இனிப் பொருத்தம். கெட்டி ரகத்தின்மேல் கரையும் ரகம் அடிக்கலாம். 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துத் தூசியைத் துடைத்தால் போதும். கரையும் ரகத்தின்மேல் கெட்டி ரகம் அடிக்கவே கூடாது. அடித்தளம் தேய்ந்து இளகும்போது மேலே இருக்கும் கெட்டி ஓடு பிடிமானம் இழந்து பெயர்ந்துவிடும். புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். மேலோட்டமான பார்வைக்கு முதல் மாதம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். கரையும் ரகத்தின்மேல் கரையும் ரகம் அடிக்கலாம், ஆனால் அடி உறுதியாக இருக்கவேண்டும். வைனில் பெயின்ட் வைனில்மேல் மட்டும். டெஃப்லான் பூச்சின்மேல் அதே பூச்சு மட்டும்.

ரகம் எதுவென்று தெரியவில்லை, ஆனால் உறுதியாக ஒட்டியிருக்கிறது என்றால், இடையில் அடைப்பு பிரைமர் ஒன்று அடிக்கலாம். இன்டர்நேஷனல் கம்பெனியின் பிரிமோகான் அப்படிப்பட்ட ஒற்றைப் பாகப் பிரைமர். அறியாத பெயின்டை மூடி, மேலே புதியதற்கு இடம் கொடுக்கும். ஆனால் பழையது உறுதியாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம். உரிந்துகொண்டிருக்கும் அடுக்கை எந்தப் பிரைமரும் பிடித்து நிறுத்தாது.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்சிப் பிரைமரைப் பழைய அடிப் பெயின்டின்மேல் ஒருபோதும் அடிக்காதீர்கள். அதன் கரைப்பான் பழையதைக் கிளப்பிவிடும். எபாக்சி வெறும் ஜெல்கோட்டுக்கும் வெறும் உலோகத்துக்கும் உரியது.

5. அடுக்குகள் தடித்து, ஓரங்களில் பள்ளம் பள்ளமாக உரிந்திருந்தால் முழுக்கச் சுரண்டுங்கள். இதைத் தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பெயர்ந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போட்டு நாட்களைச் செலவழிப்பதைவிட, ஒருமுறை ஜெல்கோட் வரை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் பல ஆண்டுகள் நிம்மதி.

கார்பைட் முனைவைத்த இழுப்புச் சுரண்டி நல்ல கருவி. அதன் மூலைகளை அரத்தால் சற்று உருட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜெல்கோட்டைக் கீறும். ரசாயன நீக்கி வாங்கினால் ஃபைபருக்கு உகந்தது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வீட்டுப் பெயின்ட் நீக்கி ஜெல்கோட்டையே தின்னும். காசு கொடுத்துச் செய்விக்க முடிந்தால் சோடாத் தூள் பீய்ச்சும் முறை இருக்கிறது. ஆனால் அது முடிந்தபின் படகை நன்றாகக் கழுவி, தேய்த்து, சோடா மிச்சம் இல்லாமல் செய்யவேண்டும். மிச்சமிருந்தால் புதுப் பெயின்ட் பிடிக்காது. மணல் பீய்ச்சுவதை அனுபவமில்லாத கையில் கொடுக்காதீர்கள்.

உலர்ந்த நிலையில் கையால் தேய்த்துத் தூசி கிளப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். 1988க்கு முன் செய்த படகென்றால் கீழ் அடுக்குகளில் ட்ரைபியூட்டில் டின் இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் அதைப்போலக் கொட்டலசைத் தடுத்த பெயின்ட் வேறில்லை. ஆனால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகள் குஞ்சுவிடாமல், ஓடு தடித்துக் கோணலாகி, சிப்பி வளர்ப்பே நொடித்துப்போனது. 1982இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடைசெய்தது. அமெரிக்கா 1988இல் சட்டம் கொண்டுவந்தது. உலக அளவிலான உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. செசபீக்கும் சிப்பி வாழும் நீர்தான். நீங்கள் கிளப்பும் தூசி அடுத்த மழையில் அங்கேதான் போய்ச் சேரும். ஆகவே கீழே தார்ப்பாய் விரியுங்கள், தூசியை உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைந்த சாண்டரை வாடகைக்கு எடுங்கள். பல யார்டுகளில் இது கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் செய்யுங்கள்.

உங்கள் உடம்புக்கும் அதே அக்கறை வேண்டும். துணி முகமூடி போதாது. தூசிக்கும் கரைப்பான் ஆவிக்கும் சேர்த்து வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி, கண்ணாடி, கையுறை, முழு உடுப்பு. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

6. சுரண்டியபின் ஜெல்கோட்டில் கொப்புளங்கள் தென்பட்டால் பதறவேண்டாம். அந்தக் காலப் பாலியெஸ்டர் பிசின் வழியாக நீர் மெல்ல ஊறி, உள்ளே கரையக்கூடியவற்றோடு சேர்ந்து அழுத்தம் கொடுப்பதால் வருவது அது. குத்தினால் புளிப்பு நெடியோடு நீர் வரும். அது கண்ணில் தெறிக்கலாம், கண்ணாடி அணிந்துகொண்டு குத்துங்கள். கொப்புளத்தைத் திறந்து, கழுவி, நன்றாக உலரவிட்டு, எபாக்சிக் கலவையால் அடைக்கவேண்டும்.

அதற்கப்புறம் எபாக்சித் தடுப்புப் பூச்சு. இன்டர்புரொடெக்ட் 2000இ போன்றவற்றில் காய்ந்தபின் மொத்தக் கனம் 10 மில், அதாவது ஏறத்தாழ 250 மைக்ரான் வரவேண்டும். அதற்கு நான்கைந்து கோட் பிடிக்கும். சாம்பலும் வெள்ளையுமாக நிறம் மாற்றி மாற்றி அடித்தால் விட்டுப்போன இடம் உடனே தெரியும். ஈரம் உலராத படகில் இதை அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்ததாகும். குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள்.

கடைசி எபாக்சிக் கோட்டுக்கும் முதல் அடிப் பெயின்ட் கோட்டுக்கும் இடையிலான நேரம் மிக முக்கியம். எபாக்சி முழுக்கக் காயாமல், கட்டைவிரலை வைத்தால் ரேகை பதியவேண்டும், ஆனால் கையில் ஒட்டி வரக்கூடாது. அந்த நிலையில் அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். நேரம் தவறிவிட்டால் முழுவதையும் தேய்த்துச் சொரசொரப்பாக்கித்தான் அடிக்கவேண்டும். எனவே கடைசி எபாக்சிக் கோட் எந்த மணிக்கு வரும் என்று காலையிலேயே கணக்குப் போடுங்கள், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வெறும் ஜெல்கோட்டில் அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகு இருக்கலாம். தேய்க்கும் முன் மெழுகு நீக்கும் கரைப்பானால் துடையுங்கள். முதலில் தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

7. படகின் உடம்பு ஃபைபர் என்றாலும் அடியில் உலோகம் இருக்கும். ஏரா ஈயமா, வார்ப்பிரும்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். இரும்பென்றால் துரு நீக்கிய உடனே, அன்றைக்கே எபாக்சிப் பூச்சு அடித்து மூடவேண்டும். இரும்பைத் தொடும்படி தாமிரப் பெயின்ட் இருக்கக்கூடாது. உப்புநீரில் இரண்டு உலோகங்கள் தொட்டால் அவற்றில் எளிதில் வினைபுரிவது அரிக்கப்படும். எச்எம்எஸ் அலாரம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு 1761இல் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763இல் திரும்பியபோது செம்பின் கீழே இருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. தகடு வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் இடையில் மாட்டியிருந்த இடங்களில் மட்டும் ஆணி தப்பித்திருந்தது. உங்கள் எபாக்சிப் பூச்சு அந்தக் காகிதத்தின் வேலையைத்தான் செய்கிறது. அதில் ஓட்டை இருக்கக்கூடாது.

அலுமினியப் படகு, அல்லது படகின் அடி வழியே இறங்கி உந்துவிசிறியைச் சுழற்றும் அலுமினிய சேல்டிரைவ் என்றால் குப்ரஸ் ஆக்சைடு கலந்த பெயின்டை வாங்கவே வாங்காதீர்கள். தாமிரமே இல்லாதது, அல்லது குப்ரஸ் தயோசயனேட் கலந்து அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் தெளிவாக எழுதியிருப்பது, இந்த இரண்டுதான். பலகை சேர்த்துக் கட்டிய மரப்படகுக்கு இந்த எபாக்சி அறிவுரைகள் பொருந்தாது. பலகை நீரில் ஊதிக் கரையில் சுருங்கும், எபாக்சி அதோடு அசையாது. மரப்படகு வைத்திருப்பவர் மரத்தச்சரிடம் போய்க் கேட்கவேண்டும்.

8. படகு எங்கே வாழ்கிறது, எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். செசபீக்கின் தலைப்பகுதியில், ஹேவர் டி கிரேஸ் பக்கம், நீர் ஏறத்தாழ நன்னீர். அங்கே சளிப்பாசி பெரிய தொல்லை. தெற்கே நார்ஃபோக் பக்கம் போகப்போக உப்பும் கொட்டலசும் கூடும். சளிக்குத் தாமிரம் மட்டும் போதாது. அதற்கென்று துத்தநாகப் பைரித்தியோன் போன்ற இரண்டாவது மருந்து கலந்ததைத் தேடுங்கள். தாமிரத்தின் அளவு டப்பாவில் எழுதியிருக்கும். சிலவற்றில் 25 விழுக்காடு, சிலவற்றில் 60ஐத் தாண்டும். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பெயின்ட் சிறந்ததாகிவிடாது. தாமிரம் எந்த வேகத்தில் வெளிவருகிறது என்பதைப் பிசின்தான் தீர்மானிக்கிறது.

இங்கே நம் படகுகள் நவம்பரில் கரையேறி ஏப்ரலில்தான் இறங்குகின்றன. கெட்டி ரகங்கள் பல காற்றில் நாளாக நாளாகச் சக்தி இழக்கும். அடித்தபின் 60 நாளுக்குள் நீரில் இறக்கு என்பதுபோலக் கெடுவும் டப்பாவில் இருக்கும். கோபாலிமர் கரையும் ரகத்துக்கு அந்தக் கவலையில்லை. வார இறுதிகளில் பாய்விரிக்கும் பழைய படகு, ஆண்டுக்கொருமுறை கரையேறும் வழக்கம், அன்னாபொலிஸ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டில் கட்டிவைப்பது என்றால் என் வாக்கு கோபாலிமருக்கே. தடித்து ஏறாது, அடுத்த ஆண்டு வேலை குறையும், உங்களுக்குப் பின் வாங்குபவருக்கும் சுரண்டும் பாரம் இருக்காது. ஃபுளோரிடாவில் ஆண்டு முழுக்க நீரில் கிடந்து, ஆள் மூழ்கித் தேய்க்கும் படகுக்குக் கெட்டி ரகம் ஏற்றது. கலிஃபோர்னியாவில் கதையே வேறு. சான் டியாகோவின் படகுத்துறைகளில் தாமிரம் சேர்ந்துபோனதால், பொழுதுபோக்குப் படகுகளுக்கான பெயின்டிலிருந்து நாளொன்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மைக்ரோகிராமுக்குமேல் தாமிரம் கசியக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து அந்த மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. அங்கே படகு வாங்கியிருக்கும் உறவினர் உங்களிடம் யோசனை கேட்டால் இங்குள்ள டப்பாவை அப்படியே சிபாரிசு செய்யாதீர்கள்.

9. அளவு. நீளத்தை அகலத்தால் பெருக்கி, 0.85ஆல் பெருக்குங்கள். அடியின் பரப்பு ஏறத்தாழ வந்துவிடும். 30 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள படகுக்கு 255 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 510. ஒரு அமெரிக்க கேலன் 350 முதல் 400 சதுர அடி பிடிக்கும். ஆகவே ஒன்றரை கேலன், கூடுதல் பூச்சுக்குச் சேர்த்து இரண்டு. ஒரு கேலனை இழுத்து இழுத்து இரண்டு கோட் அடித்து மிச்சப்படுத்துகிறவர்கள் உண்டு. பெயின்டின் ஆயுள் அதன் கனத்தில் இருக்கிறது.

கூடுதல் பூச்சு எங்கே என்றால், நீர்க்கோட்டை ஒட்டி, ஏராவின் முன்விளிம்பில், சுக்கானின் விளிம்புகளில். நீர் வேகமாக உரசும் இடங்கள் இவை. முதல் கோட்டை வேறு நிறத்தில் அடியுங்கள். மேல் நீலம், கீழ் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு எங்கே எட்டிப்பார்க்கிறதோ அங்கே மறுபடி அடிக்கும் காலம் வந்துவிட்டது.

10. மார்ச் 20ஐ ஒட்டி அன்னாபொலிஸின் ஈஸ்ட்போர்ட்டில் குளிர்காலக் காலுறைகளைத் தீயில் போட்டுப் பருவத்தைத் தொடங்குவார்கள். அந்த உற்சாகத்தில் மறுநாளே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். டப்பாவில் சொன்ன குறைந்தபட்ச வெப்பம் காற்றில் மட்டுமல்ல, படகின் உடம்பிலும் இருக்கவேண்டும். காலையில் பனி படிந்த அடி கையில் சில்லென்றால் வெயில் ஏறட்டும். மாலையில் பனி விழும் முன் காய நேரமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடையிலேயே டப்பாவைக் குலுக்கித் தரச் சொல்லுங்கள். தாமிரம் கனமானது, அடியில் களிமண்ணாக இறுகியிருக்கும். அடிக்கும்போதும் தட்டில் அடிக்கடி கிளறுங்கள். குறுகிய மயிர் ரோலர், அதுவும் கரைப்பானைத் தாங்கும் ரோலர் வாங்குங்கள், மலிவானது பாதியிலேயே கரைந்து படகில் ஒட்டும். அடியிலுள்ள உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகளுக்கு டேப் ஒட்டி மூடுங்கள். பெயின்ட் பட்ட கட்டி வேலை செய்யாது. ஆழமானியின் முகத்தில் அதற்கென்று வரும் நீர்க்கலவைப் பெயின்டை மட்டும் தடவுங்கள்.

மிஞ்சிய பெயின்ட், நனைந்த துணி, சுரண்டிய தூள் எதையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். உள்ளூர் நிர்வாகம் அபாயக் கழிவு வாங்கும் நாளை விசாரித்து அங்கே ஒப்படையுங்கள். வேலை முடிந்த கையோடு, பெயின்டின் முழுப்பெயர், நிறம், கோட் எண்ணிக்கை, இடையில் அடித்த பிரைமர், தேதி எல்லாவற்றையும் எழுதி, டப்பாவின் முகப்பையும் படமெடுத்து, படகின் ஆவணங்களோடு வையுங்கள்.

11. முட்டுக் கொடுத்திருக்கும் கால்கள் படகைத் தொடும் இடங்களில் பெயின்ட் படாத வட்டங்கள் இருக்கும். அவற்றுக்காக நீங்களே முட்டுகளை நகர்த்தாதீர்கள், பக்கத்துப் படகுக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி. எதிரெதிர் முட்டுகளைச் சங்கிலி இணைத்திருக்கும். அதைத் தளர்த்தினால் பல டன் படகு சாயும். யார்டு ஆட்கள் ஒவ்வொன்றாக நகர்த்தித் தருவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏராவின் அடிப்பாகம் படகு தூக்குப்பட்டையில் தொங்கும்போதுதான் கைக்கு எட்டும். தூக்கும் இயந்திரத்தில் ஓர் இரவு தொங்கவிட முடியுமா என்று கேளுங்கள். பல யார்டுகளில் மாலையில் தூக்கி மறுநாள் காலை இறக்க ஒத்துக்கொள்வார்கள். சுரண்டி, தேய்த்து, இரண்டு கோட் அடித்துக் காயவைக்க அந்த இரவு போதும். சின்ன டப்பா, பிரஷ், விளக்கு மூன்றையும் அன்றைக்குக் கையோடு வைத்திருங்கள். தொங்கும் படகின் கீழே மட்டும் உடம்பை நுழைக்காதீர்கள். நீளக் கைப்பிடி போட்ட ரோலரால் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள்.